இருபத்திரண்டாவது தட்டு

நித்யா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் இரண்டு விஷயம் சொன்னாய். மே மாதம் நான்கு நாள் கொடைக்கானல் போகிறோம், வேன் பேசியாயிற்று, நானும் அப்பாவும் கண்டிப்பாக வர வேண்டும் என்பது ஒன்று. உன் மாமியாருக்கு மறதி வருகிறதோ என்று பயமாக இருக்கிறது, கொடைக்கானல் போய் வந்ததும் டாக்டரிடம் காட்டப் போகிறோம், அதுவரைக்கும் தட்டு அலங்கார வேலைக்கு அவரை வெளியே எங்கும் அழைத்துப் போவதில்லை என்று கார்த்திக்கும் நீயும் முடிவு செய்திருக்கிறீர்கள் என்பது இரண்டாவது. முதல் விஷயத்துக்குப் பார்க்கலாம் என்றேன். இரண்டாவதுக்கு, வயதானால் அப்படித்தான் என்றேன். உன் அத்தை என்னைவிட நான்கு வயது சின்னவர். போனை வைத்ததும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கி, யாருக்கு வயதாகிவிட்டது என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

உன் அத்தைக்கு மறதி கிடையாது. நீங்கள் சீர்த்தட்டு செய்து கொடுத்த அந்த நிச்சயதார்த்தத்தில் ஒரு தட்டு எப்படிக் கூடியது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாதது உனக்கு மட்டும்தான். அந்தத் தட்டை வைத்தவள் நான். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நடுவில் நீ "அம்மா..." என்று இழுப்பாய், நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் விடையை முதலிலேயே எழுதிவிட்டேன். வழிமுறை இனிமேல்தான் வருகிறது. அதைப் பொறுமையாகப் படி.

எனக்கு உன் அத்தை மேல் பொறாமை. இதை மென்மையாகச் சொல்ல ஏதாவது வார்த்தை இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனத்தாங்கல், ஆதங்கம் என்றெல்லாம் போட்டுப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. பொறாமைதான். பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் எல்லா அம்மாக்களும் மாமியார் எப்படி இருப்பாளோ என்று பயந்துதான் அனுப்புகிறார்கள். நானும் பயந்தேன். உன் அத்தை உன்னைப் படுத்தினால் எப்படிப் பேசுவது, எப்போது பேசுவது, அப்பாவை முன்னால் விடுவதா நானே போவதா என்றெல்லாம் தயாராக இருந்தேன். அவர் உன்னைக் கொண்டாடினால் என்ன செய்வது என்று மட்டும் நான் யோசித்து வைக்கவில்லை. உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் ஒன்றும் தூர தேசம் இல்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டி உங்கள் வீடு. அந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம், இன்றைக்காவது இவள் மாமியாரைப் பற்றி ஒரு குறை சொல்வாளா என்று நினைத்துக்கொண்டுதான் வருவேன். இதைப் படித்து நீ சிரிக்கலாம். அப்போது எனக்குச் சிரிப்பாக இல்லை.

முதல் தப்பு உன் கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்தது. நீ கார்த்திக்கைப் பற்றிச் சொன்னபோது பையனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் அம்மா என்ன செய்கிறார் என்றுதான் கேட்டேன். சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுச் சேலைப் பிரிவில் இருபத்தைந்து வருஷமாக வேலை பார்க்கிறார் என்றாய். "புடவை எடுத்துப் போடுறவங்களா?" என்று கேட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். புருஷன் போன பிறகு, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்து ஒற்றைப் பிள்ளையை இன்ஜினீயர் ஆக்கிய பெண்ணை நான் அந்த மூன்று வார்த்தையில் முடித்தேன். அந்த வார்த்தை உன் மனதில் எங்கேயோ தங்கியிருக்கிறது. அது எங்கே வெளியே வந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சின்ன விஷயம்தான். ஆனால் எனக்கு முதலில் வலித்தது அங்கேதான். ஸ்கூலுக்குப் போகும் அவசரத்தில் உனக்குப் பின்னல் போடும்போது நான் ஒரு பழைய பாட்டு பாடுவேனே, ஞாபகம் இருக்கிறதா? பல்லவி முடியும்போது ஒரு பின்னல், முதல் சரணம் முடியும்போது இன்னொரு பின்னல், ரிப்பன் கட்டி முடித்துப் பையைத் தூக்கினால் பஸ் வந்துவிடும். அதற்கு மேல் பாட நேரம் இருந்ததே இல்லை. அந்தப் பாட்டு நம் இரண்டு பேருக்கும் மட்டும் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன், எழுதியவரும் பாடியவரும் எங்கோ இருக்க. போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். முன்னறை முழுக்கத் தட்டு, சாட்டின் ரிப்பன், லேஸ், வலைத்துணி. நீயும் அத்தையும் தரையில் உட்கார்ந்து பசைத் துப்பாக்கியை மாற்றி மாற்றி வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நம் பாட்டு. நான் சந்தோஷமாக வாயைத் திறந்தேன். முதல் சரணம் வரைக்கும் மூன்று பேரும் பாடினோம். இரண்டாவது சரணம் வந்தது. எனக்கு ஒரு வரி தெரியாது. நீயும் உன் அத்தையும் நிறுத்தாமல் பாடினீர்கள், தலையைக்கூடத் தூக்காமல். எத்தனை தடவை சேர்ந்து பாடியிருந்தால் அப்படி வரும்! "அம்மாவுக்கு இது தெரியாது அத்தை, அவங்களுக்குப் பாதிப் பாட்டுதான்" என்று நீ சிரித்தாய். உண்மையைத்தான் சொன்னாய். நான் அன்றைக்கே வீட்டுக்கு வந்து அந்த இரண்டாவது சரணத்தை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். அப்பா, யாருக்குப் பரீட்சை என்று கேட்டார். அறுபத்திரண்டு வயதில் பரீட்சை எனக்குத்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

உன் அத்தை கடை வேலையிலிருந்து நின்று, அந்தத் தட்டு வியாபாரத்தை நீங்கள் ஆரம்பித்தபோது நான் என்ன சொன்னேன் என்பதும் உனக்கு நினைவிருக்கும். பேங்க் வேலை இருக்கும்போது இந்த ஜிகினா வேலை எதற்கு என்றேன். கார்த்திக்கின் சித்தப்பா பெண் கல்யாணத்தில் சும்மா ஆசைக்குச் செய்து கொடுத்ததுதான் ஆரம்பம். உன் அத்தை ஒரு மாம்பழ நிறப் பட்டுச் சேலையை எடுத்து, கத்தரி படாமல், ஒரே ஒரு குண்டூசி வைத்து மயிலாக மடித்தார். முந்தானை தோகையாக விரிந்திருந்தது. பெண்ணைவிட அந்த மயிலைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. போனில் சார்ஜ் இல்லை என்று சொன்னேன், அது பொய். பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, தில்லைநகர், கே.கே.நகர், லால்குடி என்று ஆர்டர் வந்தது. சனி ஞாயிறு போதாமல் சாயங்காலங்களிலும் வேலை. ஆப்பிளுக்கு வலைச்சட்டை, தேங்காய்க்கு முத்துமாலை, கற்கண்டில் கோபுரம். நீ ஒரு கார்டு அடித்து எனக்கும் ஒன்று கொடுத்தாய். ரோஜா நிறத்தில், மேலே உன் பெயர், கீழே உன் அத்தை பெயர். அழகாக இருக்கிறது என்றேன். நீ போன பிறகு கார்டைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். நான் அந்த வேலையில் ஒரு ரிப்பன்கூட வெட்டியது கிடையாது. ஜிகினா வேலை என்று பழித்ததும் நான்தான். என் பெயர் எப்படி இருக்கும்? ஆனாலும் பார்த்தேன் நித்யா.

இப்போது கொடைக்கானல். நீ ஆறாம் வகுப்பு முடித்த வருஷம் உன்னை அங்கே அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஸ்வெட்டர்கூட வாங்கியாயிற்று, கரும்பச்சையில் வெள்ளைக் கோடு. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது பேப்பர் திருத்தும் முகாமுக்கு வரச் சொல்லி ஆர்டர் வந்தது. அரசாங்க உத்தரவு, என்ன செய்வது என்று உன்னிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. வேறொரு டீச்சர் என் இடத்துக்குப் போகத் தயாராகத்தான் இருந்தார். ஹெட்மிஸ்ட்ரஸும் சம்மதித்தார். நான்தான் விடவில்லை. அந்த வருஷம் ஒரு மேஜைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள், மற்றவர்கள் திருத்தியதை நான் சரிபார்க்க வேண்டும். அந்த நாற்காலி எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நீ அந்த மே மாத வெயிலில், உறையூர் வீட்டில், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாய். கழற்று என்று நான் அதட்டினேன். அடுத்த வருஷம் போகலாம் என்றேன். அடுத்த வருஷமும் முகாம் வந்தது. அதனால்தான் நீ போன ஞாயிறு, "அத்தை கொடைக்கானல் பார்த்ததே இல்லையாம்மா, அவங்களுக்காகத்தான் போறோம்" என்று சொன்னபோது நான் வருகிறேன் என்று சொல்லாமல் பார்க்கலாம் என்றேன். நானும் பார்த்ததில்லை. அதை நீ கேட்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. லீவு கிடைக்கும்போது போய்விட வேண்டும், பெண்ணே. நாற்காலியை விட்டுப் போனால் அதில் வேறு ஒருவர் உட்காருவார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

சரி, தட்டுக்கு வருகிறேன். அந்த நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் இருபத்தொரு தட்டு கேட்டிருந்தார்கள். நானும் ஒன்று செய்து தரட்டுமா, வெற்றிலைத் தட்டு எனக்கு நன்றாக வரும் என்று இரண்டு வாரம் முன்பே உன்னிடம் கேட்டேன். நீ ரிப்பனிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேண்டாம்மா, எல்லாம் ஒரே கலர்ல இருக்கணும், அத்தை பாத்துப்பாங்க" என்றாய். நியாயமான பதில். ஆனால் 'அத்தை பார்த்துப்பாங்க' என்ற சொல்லை நான் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஜுரம் என்றால் அத்தை பார்த்துப்பாங்க. மார்கழியில் கோலம் போட அத்தை பார்த்துப்பாங்க. நீ வேண்டாம் என்றதும் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். பாலம் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன், செய்வது என்று.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் காந்தி மார்க்கெட் போய், ஒரே அளவு, ஒரே பச்சை, நரம்பு ஓடிய வெற்றிலையாகப் பொறுக்கி எடுத்தேன். கடைக்காரர், "என்னங்கம்மா, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க" என்று அலுத்துக்கொண்டார். நம் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். வெற்றிலையை ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்கி, நடுவில் பாக்கு, விளிம்பில் மஞ்சள் கிழங்கு. குண்டூசி இல்லை, பசை இல்லை. நீ பேங்கிலிருந்து ஆறரை மணிக்குத்தான் வர முடியும் என்பதால், உன் அத்தைக்குத் துணையாக என்னை மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தாய். தாம்பாளத்தைத் துணியால் மூடி, கூடையில் வைத்து எடுத்துப் போனேன். அவர் தட்டுகளை வரிசையாக வைத்து, இரண்டு தடவை எண்ணி, எனக்கும் எண்ணிக் காட்டினார். நான் பார்த்தேன் நித்யா, சரியாக இருபத்தொன்று. பிறகு அவர் குடிக்கத் தண்ணீர் கேட்கப் பந்தி நடக்கும் கூடத்துக்குப் போனார். நான் என் தட்டை எடுத்து வரிசையில் முன்னால் வைத்தேன். வெற்றிலை பாக்குதானே முதலில் போக வேண்டும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். எல்லோரும் பார்த்து, இது யார் செய்தது என்று கேட்பார்கள், நீ அந்த நேரம் உள்ளே வருவாய், நான் சும்மா சிரித்துக்கொண்டு நிற்பேன். இதுதான் திட்டம்.

சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஊரில் எல்லோருக்கும் தெரியும். உன் கல்யாணத்தில் பதினைந்தா பதினேழா என்று சண்டை போட்டவளே நான்தான். இருபத்தொன்றோடு ஒன்றைக் கூட்டினால் இரட்டைப்படை ஆகும் என்பது அந்தக் கணக்கு டீச்சருக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தோரு வருஷம் எத்தனை பிள்ளைகளை இதைவிடச் சின்னத் தப்புக்குப் பெஞ்சு மேல் நிற்க வைத்திருப்பேன்!

நாதஸ்வரம் வாசிக்க, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார்கள். உன் அத்தை கதவோரமாக நின்றார், மேடைப் பக்கம் அவர் எப்போதும் போவதில்லை. தட்டுகளை வைத்து முடித்ததும் பெண்ணின் பெரியம்மா விரல் நீட்டி எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். பிறகு சத்தமாகவே, இருபத்திரண்டு இருக்கிறது, ரெட்டைப்படையில் யாராவது சீர் வைப்பார்களா என்று கேட்டார். வைத்த தட்டைத் திருப்பி எடுப்பதும் ஆகாது என்று இன்னொரு அம்மாள் சொன்னார். யார் வைத்தது என்று மாப்பிள்ளையின் அம்மா கதவுப் பக்கம் திரும்பினார். உன் அத்தை மேடையைப் பார்த்தார். வரிசையில் முதலாவதாக என் பித்தளைத் தாம்பாளம், மற்ற இருபத்தொன்றும் ரோஜா நிறம். என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு, "நான்தாங்க, ஒண்ணு கூட வச்சுட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

அந்தப் பெரியம்மா விடவில்லை. "பூ வைக்காதவங்க கையால தட்டு வந்தா இப்படித்தான் ஆகும்" என்றார். மண்டபத்தில் பாதிப் பேர் கேட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்லவர், பேச்சை வளர்க்காமல் ஒரு தட்டில் பூவும் சர்க்கரையும் வைத்து இருபத்து மூன்றாக்கி நிச்சயத்தை நடத்தினார். உன் அத்தை கதவோரத்திலேயே நின்றார். கையில் குண்டூசி டப்பா இருந்தது. அதைத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். நான் அவருக்கு நான்கடி தள்ளி நின்றேன். அது என் தட்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை.

நீ வந்தபோது அந்தப் பெரியம்மாவின் பேச்சு முடிந்திருந்தது, தட்டுகளையும் உள்ளறைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். எண்ணிக்கை தப்பிவிட்டது என்பது மட்டும் உன் காதில் விழுந்தது. கல்யாணத்துக்கு ஐம்பத்தொரு தட்டு உங்களிடம்தான் என்று சொல்லியிருந்தவர்கள் இனி வேண்டாம் என்றுவிட்டார்கள் என்பதும். நீ நேராக உன் அத்தையிடம் போய், "கடையில இத்தனை வருஷம் புடவை எண்ணி அடுக்கினவங்கதானே? இருபத்தொண்ணு எண்ண முடியலையா அத்தை?" என்று கேட்டாய். நீ அவரிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. அந்தக் குரல் என்னுடையது. புடவை எடுத்துப் போடுகிறவரா என்று அன்றைக்குக் கேட்டேனே, அதே குரல். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை. நீ அவரைத் திட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் அல்ல, நன்றாகவே. ஒரு வருஷமாக நான் பாலம் தாண்டி வந்து காத்திருந்தது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். எப்படிக் கூடியது அத்தை என்று நீ மறுபடி மறுபடி கேட்டாய். அவர் என்னைப் பார்க்காமல், "ஞாபகம் இல்லம்மா" என்றார். அந்தச் சொல்லைத்தான் நீங்கள் இப்போது டாக்டரிடம் எடுத்துப் போகப் போகிறீர்கள்.

சாமான்களை எடுத்துக்கொண்டு காலித் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். நீ வேன் டிரைவரிடம் பேசப் போயிருந்தாய். உன் அத்தை என் தாம்பாளத்தைக் கழுவி, துடைத்து, ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொண்டு வந்தார். அடியில் வெட்டியிருக்கும் என் பெயரைப் பார்த்திருப்பார், பார்க்காவிட்டாலும் அவருக்குத் தெரியும். சம்பந்தியாகி இத்தனை நாளாகியும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், அது ஒரு குத்தலோ என்றுகூட நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். "டீச்சர், உங்க தட்டு. வெத்தல அடுக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. எனக்கு அப்படி வராது" என்றார். குத்தல் இல்லை நித்யா. நான் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன், அவர் முகத்தில் அது இல்லை. பையை வாங்கிக்கொண்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர், நான் வீட்டிலேயே மடித்துத் தருகிறேன், மண்டபத்துக்கு நீ போய் வை என்று சொல்ல ஆரம்பித்தார். நீயே எண்ணிவிடு, எனக்கு நிதானம் இல்லை என்றும் சொல்கிறாராம். அவருக்குத் தளர்ச்சி என்று நீ நினைக்கிறாய். தளர்ச்சி இல்லை. ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் அப்படி ஒரு சொல்லைக் கேட்டவர் திரும்ப எந்த மண்டபத்துக்குப் போவார்? அந்தச் சொல்லை உன்னிடம் சொன்னால் நீ அந்தப் பெரியம்மாவிடம் சண்டைக்குப் போவாய், பிறகு தட்டு யாருடையது என்ற கேள்வி வரும், அதனால் அதையும் விழுங்கிக்கொண்டார். ஒருவர் ஒரு தடவை தவறினால், ஏன் தவறினார் என்று கேள். உடனே அவருக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டாதே. என் விஷயத்திலும் நாளைக்கு இது உனக்குப் பயன்படும்.

இதை நாளை மதியம் அப்பா பேங்குக்கு வந்து உன் கையில் கொடுப்பார். சாப்பிட்டுவிட்டுப் படி. அந்த நேரத்தில் நான் ஸ்ரீரங்கத்தில் உன் அத்தையின் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அந்த வீட்டுக்கு நான் உன்னைப் பார்க்க அல்லாமல் வருவது இதுதான் முதல் தடவை. போன் செய்யாதே. மன்னிப்புக் கேட்க எனக்குப் பழக்கம் இல்லை, நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை லால்குடியில் வளைகாப்பு ஆர்டர் இருக்கிறது என்றாயே, அதற்கு அவரை நானே அழைத்து வருவேன். தட்டுகளை அவர்தான் தன் கையால் வைக்க வேண்டும், கதவோரமாக நின்று அல்ல. யாராவது பூவைப் பற்றியும் பொட்டைப் பற்றியும் வாயைத் திறந்தால், அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பை அடக்கிய குரல் என்னிடம் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு அதை வெளியே எடுக்காததற்குச் சேர்த்து எடுக்கிறேன். அந்த நிச்சயதார்த்தத்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் பெண்ணின் பெரியம்மாவுக்கும் தட்டு யாருடையது என்று நானே சொல்வேன். ஆர்டர் திரும்பி வராது, தெரியும். அதற்காகச் சொல்லவில்லை.

இதெல்லாம் செய்தால் பொறாமை போய்விடும் என்று நினைக்காதே. போகாது. நாளைக்கு நான் போய் நின்றதும் அவர், அதெல்லாம் ஒன்றுமில்லை டீச்சர், காபி சாப்பிடுங்கள் என்பார். இவ்வளவு சீக்கிரம் ஒருத்தியால் எப்படி மன்னிக்க முடிகிறது என்று அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். உன் கோபம் எத்தனை நாள் இருக்குமோ, இருக்கட்டும். என் பெண் அவ்வளவு சுலபமாக விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

கொடைக்கானலுக்கு வருகிறாயா என்று கேட்டாய். இதைப் படித்த பிறகும் கேட்பாய் என்றால், வருகிறேன். ஆனால் வேனில் உன் பக்கத்து ஸீட் எனக்கு வேண்டும். போகும்போது மட்டும் போதும். வரும்போது அவர் உட்கார்ந்துகொள்ளட்டும்.

அம்மா